தண்ணி நிக்காத சந்து

கல்லைப் பத்தி விசாரிக்கணும்னா சரியான ஆளுகிட்டதான் வந்திருக்கீங்க சார். உள்ள வாங்க. பாத்து, ஒரு படி இறங்கணும். அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் நொண்டி. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. பூங்காவனம்! பின்னாடி சந்துல இருந்து ஒரு சார் வந்திருக்காரு, காபி போடு. சர்க்கரை போட்டுக்குவீங்க இல்ல? போட்டுக்குவாராம்!

எதிர்வீட்டு கஜபதிகிட்ட கேட்டுட்டுதான வந்தீங்க? தெரியும். அவன்தான் சந்து முனையிலயே காவல் தெய்வம் மாதிரி உக்காந்திருப்பானே. இன்னா சொன்னான்? பிரமாதம்னு சொல்லியிருப்பான். கஜபதிக்கு எது புதுசா வந்தாலும் பிரமாதம்தான். கேபிள் டிவி வந்தப்பவும் பிரமாதம், சுகர் வந்தப்பவும் டாக்டர் பிரமாதமா பாக்கறார்ன்னான். அவன் பேச்சை விடுங்க. உங்க சந்துலயும் அந்த ஓட்டைக் கல்லைப் போடறேன்னு கார்ப்பரேஷன்ல சொல்றாங்க, சரின்னு சொல்லலாமா வேணாமா, அதான கேள்வி? நான் ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். அது உருப்படாத கல்லு.

ஏன்னு சொல்றேன், பொறுமையா கேளுங்க. அவசரம் ஒண்ணும் இல்லியே?

என் பேரு தணிகாசலம். ஆனா இந்தச் சந்துல வந்து தணிகாசலம் வீடு எதுன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. மோட்டார்காரர் வீடுன்னு கேளுங்க, நாய் கூட வழி காட்டும். மெயின் ரோட்டுல மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருந்தேன். இப்ப பையன் பாத்துக்கறான். ஆனா அந்தப் பேரு கடையால வந்தது இல்ல சார். அதோ மூலையில, புதுச் சாக்கு போத்திக்கிட்டு நிக்குது பாருங்க, அதால வந்த பேரு.

தண்ணி இறைக்கற பெட்ரோல் மோட்டாரு. பழைய இரும்புக் கடையில செத்துக் கிடந்ததை நான்தான் தூக்கிட்டு வந்து, பிரிச்சு மேஞ்சு, உசிரு குடுத்தேன். கரண்டு போனாலும் ஓடும். என் சம்சாரம் பூங்காவனம் அதை 'அக்கா'ன்னுதான் சொல்லுவா. எனக்கு அது மூத்த சம்சாரமாம், இவ இளையவளாம். "அக்காவைக் குளிப்பாட்டியாச்சா, அக்காவுக்கு எண்ணெய் வெச்சாச்சா"ன்னு கேப்பா. கேலிதான். ஆனா அக்கா இல்லாம ஒரு ஐப்பசி தாண்டியிருப்பாளா அவ? கேளுங்க, இப்பவே கேளுங்க. பாத்தீங்களா, சமையல் ரூம்ல சத்தமே இல்ல.

நம்ம சந்தைப் பாத்துட்டுதான வந்தீங்க. ஒரு ஆட்டோ நுழைஞ்சுதுன்னா எதிர்ல ஒரு மாடு வந்தா யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுக்கணும், மாடு எடுக்காது. எங்க அப்பா இந்த வீட்டைக் கட்டினப்ப படி ஏறிதான் உள்ள வரணும். அப்புறம் ரோடு போட்டாங்க. பழசைச் சுரண்டாம அது மேலயே போட்டாங்க. அப்புறம் அது மேல இன்னொண்ணு. ரோடு ஏறிக்கிட்டே போச்சு, வீடு இறங்கிக்கிட்டே போச்சு. இப்ப நீங்க படி இறங்கி வந்தீங்க இல்ல, அது அந்த லட்சணம்தான்.

ஐப்பசி பொறந்தா போதும். மெயின் ரோட்டுத் தண்ணி, உங்க சந்துத் தண்ணி, ஓட்டல்காரன் தண்ணி, எல்லாம் நேரா எங்க சந்துக்கு விருந்தாளியா வரும். கலீஜு தண்ணி சார். முட்டிக்கால் வரைக்கும் நிக்கும். வந்த தண்ணி போகத் தெரியாம நிக்கும். அப்பதான் வெளியில ஒரு குரல் வரும். "மோட்டார்காரரே!"

நான் உடனே எழுந்து போக மாட்டேன். காபி கையில இருக்கும். இன்னொரு தடவை கூப்புடுவாங்க. "மோட்டார்காரரே, கொஞ்சம் வாங்க!" மூணாவது தடவைதான் எழுந்திருப்பேன். கெத்துக்கு இல்ல சார், காபி ஆறிடும் இல்ல, அதுக்குதான்.

வெளியில வந்தேன்னா எல்லா வாசல்லயும் ஒரு தலை. நான் லுங்கியைத் தூக்கிக் கட்டி, அக்காவைத் தூக்கி மேசை மேல வெச்சு, கயிறைச் சுத்தி ஒரே இழுப்பு. டுப், டுப், டுப்... எடுத்துக்கும். மஞ்சள் ஓஸை ஆளுக்கொரு கை புடிச்சு மெயின் ரோட்டுக் கால்வாய் வரைக்கும் கொண்டு போவாங்க. ஓஸோட கடைசி நுனி கஜபதி கையில. அவனுக்கு ஓஸ் புடிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான். தண்ணி இறங்க இறங்க ஜனங்க மூஞ்சியைப் பாக்கணுமே! ஒரு வீட்ல இருந்து பஜ்ஜி வரும், ஒரு வீட்ல இருந்து சுக்குக் காபி வரும். மனுஷனுக்கு வேற இன்னா சார் வேணும்? நாலு பேரு வாசல்ல வந்து நின்னு நம்மளைக் கூப்புடணும். அவ்ளோதான். எனக்கு அதுக்கு மேல ஆசை கிடையாது.

ஆயுத பூஜை வருது இல்ல, மழைக்குக் கொஞ்சம் முன்னாடி, அன்னிக்கு சந்தே இங்கதான் இருக்கும். அக்காவுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம். அவங்க அவங்க வீட்டுப் பூஜையை அவசர அவசரமா முடிச்சுட்டு இங்க வந்து அக்காவுக்கு ஒரு கும்பிடு போடுவாங்க. "இந்த வருஷமும் காப்பாத்தும்மா"ன்னு கஜபதி சம்சாரம் கன்னத்துல போட்டுக்கும். பூங்காவனம் பொரி, கடலை, சுண்டல் கலந்து குடுத்துக்கிட்டே இருப்பா. இடம் பத்தாது, பாதிப் பேரு அங்க வெளியிலதான் நிப்பாங்க.

இந்த மாதிரி இருந்த சந்துலதான் சார் அந்தப் பொண்ணு வந்து சேந்துச்சு.

போன வருஷம் ஆடி மாசம். கார்ப்பரேஷன் எஞ்சினியர். பேரு ஜெபக்கனி. தூத்துக்குடிப் பக்கம். சின்னப் பொண்ணு, தலையில பெரிய தொப்பி. சந்துக்காரங்க எல்லாரையும் கூப்புட்டு நடுவுல ஒரு கல்லை வெச்சுது. பாத்தா சாதாரணக் கல்லு, உள்ள பூரா பொடிப்பொடியா துவாரம். அது மேல ஒரு வாளி தண்ணியை ஊத்துச்சு. காணோம். தண்ணியையே காணோம் சார், கீழ இருந்த ஜல்லிக்குள்ள போயிடுச்சு. கஜபதி கை தட்டினான். நான் கேட்டேன், "உள்ள போன தண்ணி எங்கம்மா போவும்?" "பூமிக்குள்ளதான் சார் போவும், இங்க அடியில மணல்தான, சட்டுனு குடிச்சிரும்." நல்லா இருக்குதே கதை. சரி, அதை விடுங்க. நான் முக்கியமான கேள்வியைக் கேட்டேன். "அப்ப மோட்டாரு?"

அதுக்கு அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுது: "இனி மோட்டார் எதுக்கு சார்? மழைன்னா நீங்க நிம்மதியா உறங்கலாம்லா."

உறங்கலாமாம்! நான் போய் அதுகிட்ட எனக்குத் தூக்கம் வரலன்னு சொன்னேனா? மனு குடுத்தேனா?

அன்னிக்கே எனக்குத் தெரியும் இது உருப்படாதுன்னு. வேலையை ஆரம்பிச்சாங்க. பழைய ரோட்டையெல்லாம் பேத்து எடுத்தாங்க, ஒவ்வொரு ரோடா வெட்ட வெட்ட அடியில எங்க அப்பா காலத்து மண்ணு வந்துச்சு. அதுல பெரிய ஜல்லி, மேல சின்ன ஜல்லி, அதுக்கு மேல பொடி ஜல்லி, அதுக்கு மேல இந்தக் கல்லு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இடுக்கு, இடுக்குல மறுபடியும் பொடி ஜல்லி. மொட்டை மாடிக் குழாயெல்லாம் கூட அதுக்குள்ள இறக்கி விட்டாங்க. சிமெண்ட் ஒரு கரண்டி கிடையாது சார்! வாழ்நாள்ல சிமெண்ட் இல்லாத வேலையை யாராவது வேலைன்னு சொல்லுவாங்களா? தண்ணி பூரா இப்படி வாசல்லயே உள்ள இறங்கிச்சுன்னா என் அஸ்திவாரம் என்ன ஆவறது? எங்க அப்பா போட்ட அஸ்திவாரம் சார் அது.

அதனால நான் ஒண்ணும் பெரிசா செய்யல. அவங்க வேலையை முடிச்சுட்டுப் போனதும், ஒரு ஞாயித்துக்கிழமை, நமக்குத் தெரிஞ்ச ஒரு கொத்தனாரைக் கூப்புட்டு, என் வாசலுக்கு நேரா இருக்கற கல்லு மேல மட்டும் சிமெண்ட் பூசிட்டேன். இந்தச் செவுத்துல இருந்து சந்து நடு வரைக்கும். வழவழன்னு, கண்ணாடி மாதிரி. பூங்காவனம் பாத்துட்டு, "ஊரே சல்லடை வாங்குது, இவரு மட்டும் மூடி வாங்கறாரு"ன்னா. அவளுக்கு அஸ்திவாரம்னா இன்னா தெரியும்?

அந்த ஜெபக்கனிப் பொண்ணு வந்து பாத்துட்டு இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நின்னுச்சு. "என்ன சார், இப்படிப் பண்ணிட்டியளே!" நான் அஸ்திவாரத்தைச் சொன்னேன். உங்க அஸ்திவாரத்துக்கு ஒண்ணும் ஆகாது சார், அதையெல்லாம் பாத்துதான் பள்ளம் எடுத்தோம்னு படம் எல்லாம் காட்டுச்சு. நான் கண்ணாடி இல்லன்னு சொல்லிட்டேன். "சரி சார், ஒரு மழை வரட்டும்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு. அது சொன்ன விதமே எனக்குப் பிடிக்கல.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு சார்.

சொல்றதுக்கு இன்னா வெக்கம், சொல்லிடறேன். அக்காவைக் கழுவித் தொடைச்சு, மாலை போட்டு, பொரி, சுண்டல் எல்லாம் எடுத்து வெச்சு, கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தர் வரல. வெளியில போறாங்க வராங்க, என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கறாங்க, போயிடறாங்க. வேணும்னு இல்ல சார், அவங்களுக்கு ஞாபகமே இல்ல. அதான் பேஜாரு. கோவத்துல வராம இருந்தா கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். சாயங்காலம் கஜபதி வந்தான். எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளுந்து போச்சு. ஏணி இருக்குதான்னு கேட்டான். ஏணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அக்கா பக்கம் திரும்பிக் கூட பாக்கல. அன்னிக்கு எனக்கு அழுகை வந்துடுச்சு சார். பூங்காவனம் கம்முனு வந்து பக்கத்துல உக்காந்து, பொரியை எடுத்து அவளும் தின்னா, எனக்கும் ஒரு கை குடுத்தா. அப்புறம் ரொம்ப நாளைக்கு எங்க வீட்ல பொரி உப்புமாதான்.

இந்தாங்க, காபி வந்துடுச்சு. சூடா குடிங்க.

எங்க விட்டேன்? ஆங், மழை. ஐப்பசில நல்லா புடிச்சுக்கிச்சு. விடிகாலையில சத்தத்துல முழிப்பு வந்துடுச்சு. பல்லைத் தேச்சேன், லுங்கியைத் தூக்கிக் கட்டினேன், அக்காவுக்கு பெட்ரோல் ஊத்தினேன், காபி வாங்கிக்கிட்டு உக்காந்தேன். மனசுக்குள்ள சிரிப்பு. வாங்கடா வாங்க, ஏணி கேட்டவனுங்க எல்லாம் வாங்கன்னு. காபி தீந்துடுச்சு. ஒரு குரலும் வரல. இன்னொரு காபி கேட்டேன். அதுவும் தீந்துடுச்சு. சரி, வெள்ளம் அதிகமாகி வெளியில வர முடியாம தவிக்கறாங்க போலிருக்குன்னு நானே கதவைத் தொறந்தேன்.

சந்து காலியா கிடக்குது சார். ஈரம் இருக்குது, தண்ணி இல்ல. கழுவிக் கவுத்த தட்டு மாதிரி கிடக்குது. மழை ஊத்துது, ஊத்தற மழை கல்லுல பட்டதும் காணாமப் போவுது. ஒரே ஒரு இடத்துலதான் தண்ணி நிக்குது. எங்க தெரியுமா? என் வாசல்ல. வழவழன்னு பூசின சிமெண்டு மேல சோக்கா குளம் கட்டி, அலையடிச்சுக்கிட்டு, வாசப்படியை எட்டிப் பாக்குது.

இதுல இருந்து இன்னா தெரியுது சார்? அந்தக் கல்லு வேலை சரியில்லன்னு தெரியுது. சரியா போட்டிருந்தா என் வாசல்ல எப்படி தண்ணி நிக்கும்? இதுக்கு மேல ருசு வேணுமா?

நான் சும்மா இருப்பேனா? அக்காவை வெளியில கொண்டு வந்தேன். ஒரே இழுப்பு, எடுத்துக்கிச்சு. ஆனா ஓஸ் புடிக்க ஆளு இல்ல. கால்வாய் வரைக்கும் ஒத்தை ஆளா எப்படி இழுக்கறது? சரின்னு ஓஸ் நுனியை எதிர்ல கஜபதி வாசல் பக்கம் போட்டேன். தண்ணி பீச்சிக்கிட்டு அவன் வாசல் கல்லுல விழுது, விழுந்ததும் உள்ள போயிடுது. அக்கா உறுமறா, தண்ணி போய்க்கிட்டே இருக்குது. அந்தச் சத்தத்துக்குதான் சார் எல்லா கதவும் தொறந்துச்சு. குடையைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா வந்து நின்னாங்க. கஜபதி நாற்காலியே கொண்டாந்து போட்டுட்டான். "மோட்டாரு, ஓஸை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு, வாசக்கல்லு அழுக்கா இருக்குது"ங்கறான். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும், அது பிசாத்து விஷயம். உள்ள இருந்து ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, பூங்காவனம் சிரிப்பு, அதைத்தான் என்னால தாங்க முடியல.

ஏன், இப்ப கூட சிரிக்கறா பாருங்க. பொடவைத் தலைப்பை வாயில வெச்சு அடைச்சுக்கிட்டா எனக்குக் கேக்காதாம்.

மழைக்காலம் முடியற வரைக்கும் இதே கூத்துதான். மழை வந்தா நான் என் குளத்தை இறைப்பேன், ஜனங்க வேடிக்கை பாப்பாங்க. அப்புறம் அக்காவுக்குச் சாக்கைப் போத்தி மூலையில தள்ளிட்டேன். வித்துடலாம்னு கூட ஒரு நாள் நெனச்சேன். பூங்காவனம்தான், "இளையவ நான் இருக்கும்போது அக்காவை அனுப்பினா ஊரு என்னைத்தான் பேசும்"னு தடுத்துட்டா.

இதுக்கு அப்புறம்தான் விஷயமே இருக்குது. கேளுங்க.

சித்திரை மாசம். வெயில்னா வெயில். குழாயில தண்ணி வரல. லாரி வரும்னாங்க, லாரி இந்தச் சந்துல எங்க நுழையும்? மெயின் ரோட்டுல நின்னு பொம்பளைங்க குடத்துக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. நம்ம வீட்டுப் பின்கட்டுல ஒரு கிணறு இருக்குது. எங்க அம்மா காலத்துலயே வத்திப் போச்சு. மேல கடப்பாக் கல்லை மூடி, உடைஞ்சது கிழிஞ்சது எல்லாம் அதுலதான் போடறது. ஒரு நாள் பூங்காவனம் உடைஞ்ச பூந்தொட்டியைப் போடறேன்னு கல்லை நகத்தினா. தொட்டியைப் போட்டா. போட்டவ அப்படியே நிக்கறா. "என்னங்க, தொபுக்குன்னு சத்தம் வருதுங்க."

நான் எலியா இருக்கும்னேன். "எலி எங்க தொபுக்குன்னு சொல்லுது, வந்து பாருங்க"ன்னா. எட்டிப் பாத்தேன். என் மூஞ்சி தெரிஞ்சுது சார். தண்ணி! கைக்கெட்டற தூரம்னு சொல்ல மாட்டேன், ஆனா அக்காவுக்கு எட்டற தூரம்.

அப்ப என் உடம்பு சிலுத்துது பாருங்க, இப்ப நெனச்சாலும் சிலுக்குது.

கிணத்தைத் தூர் வாரணும் இல்ல? சந்துல ஒரு வார்த்தைதான் சொன்னேன். அத்தனை பேரும் வந்துட்டாங்க. கயிறு, கூடை, ஆளு மாத்தி ஆளு இறங்கி, உள்ள இருந்த குப்பை பூரா எடுத்தாங்க. கஜபதி வீட்ல ரொம்ப நாளா காணோம்னு சொல்லிக்கிட்டு இருந்த எவர்சில்வர் அண்டா கூட அதுல இருந்துச்சு. அது எப்படி என் கிணத்துக்கு வந்துச்சுன்னு எனக்கே தெரியல சார். அதை விடுங்க.

அக்காவை எடுத்துட்டுப் போய் கிணத்துப் பக்கத்துல வெச்சேன். எத்தனை மாசமா தூங்கினவ, எழுந்திருப்பாளான்னு எனக்குப் பயம். ஒரே இழுப்பு. எடுத்துக்கிச்சு! ஓஸை ரேழி வழியா வாசலுக்கு விட்டேன். முதல்ல கலங்கலா வந்துச்சு, அப்புறம் தெளிஞ்சுது. வாயில ஊத்திப் பாத்தேன், உப்புக் கரிக்கல. வாசல்ல சந்தே குடத்தோட நிக்குது. மறுநாள் காலையில நான் காபி குடிச்சுக்கிட்டு இருக்கேன், வெளியில குரல் வருது. "மோட்டார்காரரே!"

நான் எழுந்திருக்கல. காபி ஆறிடும் இல்ல.

தினம் காலையில எல்லாருக்கும் தண்ணி. கஜபதியை நான் கடைசியில நிக்க வெச்சேன்னு சொல்லுவான். பொய். கடைசிக்கு முந்தினதுதான்.

அந்த எஞ்சினியர் பொண்ணு கேள்விப்பட்டு ஓடி வந்துச்சு. கிணத்தைப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்து, சின்னக் குழந்தை மாதிரி குதிக்குது. "சார், பாத்தியளா, சந்துத் தண்ணி பூரா இங்க வந்துட்டு!" நான் சொன்னேன், "அதெல்லாம் இல்லம்மா. இது அக்காவோட ராசி. அந்தக் கல்லுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?" அது சண்டைக்கு வரல. "ராசின்னே வச்சுக்கிடுங்க சார். ஆனா ஒண்ணு, உங்க கிணத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கது உங்க வாசல்தான். அங்க விழுற தண்ணி மட்டும்தான் இறங்க வழியில்லாம கெடக்கு"ன்னு சொல்லிட்டு, பூங்காவனம் குடுத்த மோரைக் குடிச்சுட்டுப் போயிடுச்சு.

ராசி வேற, வாசல் வேற. இருந்தாலும் நான் யோசிச்சேன். வயசானவ நடமாடற இடம், வழவழன்னு இருக்குது. பூங்காவனம் வழுக்கி விழுந்துட்டான்னா? அந்த ஒரே காரணத்துக்காகத்தான் சார், உளியும் சுத்தியும் எடுத்துக்கிட்டுப் போய் அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்தேன். "நான் எப்ப வழுக்கினேன்"னு உள்ள இருந்து அவ கேக்கறா பாருங்க. விழுந்ததுக்கு அப்புறமா கொத்த முடியும்? கொத்தினதுல கல்லும் பாதி உடைஞ்சுது. ஜெபக்கனிக்குப் போன் போட்டேன். அடுத்த நாளே ஆளை அனுப்பி, குடோன்ல மிச்சம் வெச்சிருந்த கல்லைப் போட்டுக் குடுத்துச்சு. ஏம்மா மிச்சம் வெச்சேன்னு கேட்டதுக்கு, "வேண்டியிருக்கும்னு தெரியும் சார்"னு சிரிச்சுச்சு. பாருங்க, போட்ட வேலை மேல அதுக்கே நம்பிக்கை இல்ல.

இப்ப நான்தான் சார் பாத்துக்க வேண்டியிருக்குது. வேற யாருக்கு அக்கறை? இடுக்குல மண்ணு சேந்தா நான்தான் தென்னந்தொடப்பத்தால தள்ளறேன். கஜபதி வீட்டு வேலைக்கு மணலைக் கொண்டாந்து கல்லு மேல கொட்டினான், பாருங்க, நான் புடிச்ச புடியில மணல் மறுபடியும் மூட்டைக்குப் போயிடுச்சு. கோலமாவு கூட உள்ள போய் அடைச்சுக்கும்னு பூங்காவனத்துக்கிட்டயே சொல்லிட்டேன். இப்ப வாசக்கல்லு மேலதான் சின்னதா போடறா. என் மேல கோவம்தான். இருக்கட்டும்.

அதனால சார், முழுக் கதையும் கேட்டுட்டீங்க. அது உருப்படாத கல்லு, என்னை ஒரு வருஷம் படுத்தாத பாடு படுத்தின கல்லு.

எங்க எழுந்துட்டீங்க? வேணாம்னு சொல்லிடறீங்களா? அடக் கடவுளே, யாரு சார் வேணாம்னு சொன்னது? உக்காருங்க முதல்ல. உங்க சந்து மேடு, எங்க சந்து பள்ளம். உங்க சந்துல உள்ள இறங்கற தண்ணி அடியில எந்தப் பக்கம் வரும்? யோசிச்சுப் பாருங்க. என் கிணத்துக்குத்தான சார் வரணும்? தாராளமா சரின்னு சொல்லுங்க. இந்த மழை முடிஞ்சதும் தை மாசமே ஆரம்பிக்கச் சொல்லுங்க. ஜெபக்கனிகிட்ட நானும் பேசறேன், என் வார்த்தைன்னா அது தட்டாது.

ஒண்ணே ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. அஸ்திவாரம் கிஸ்திவாரம்னு சொல்லிக்கிட்டு எவனாவது அது மேல சிமெண்டைக் கொண்டாந்து பூசுவான். எல்லா சந்துலயும் அந்த மாதிரி ஒரு கிறுக்கன் இருப்பான். அப்படி யாராவது கிளம்பினா எனக்குச் சொல்லி அனுப்புங்க. நான் வந்து பேசறேன்.

இன்னாது, சத்தம்? மழையா? வாங்க, வாசல்ல நின்னு பாக்கலாம். குடை எல்லாம் வேணாம், இங்கயே நில்லுங்க. பாருங்க, எப்படி ஊத்துதுன்னு. இப்ப என் வாசலைப் பாருங்க. நிக்குதா? ஒரு சொட்டு நிக்குதா? நிக்காது. விழற வேகத்துல உள்ள போயிடும். பூங்காவனம், வந்து பாரு! ஒரு சொட்டு நிக்கல!

வாங்க, உள்ள உக்காரலாம், காபி பாதி அப்படியே இருக்குது. நாளைக்கு ஆயுத பூஜை, நீங்க வீட்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துடணும். இந்த வருஷம் வெளியில பந்தலே போடறோம், கஜபதிதான் வாழைக்கன்னு வாங்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கான். அக்காவுக்கு ஆளுயர மாலை சொல்லியிருக்காங்களாம், யாரு சொன்னாங்கன்னு என்கிட்ட சொல்ல மாட்டேங்கறாங்க.

கேட்டுதா? வெளியில? கஜபதி குரல்தான். வாழைக்கன்னை எங்க கட்டறதுன்னு கேக்கத்தான் கூப்புடறான். மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கறான், பாவம்.

நீங்க உக்காருங்க சார். காபியைக் குடிங்க. இன்னும் ஒரு தடவை கூப்புடட்டும்.